5ஆம் நம்பர் டிராமும் மூடிப்போன கெமிஸ்ட்ரி காலேஜும்

2025 அக்டோபர் 3, வெள்ளி – பெர்லின்

இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள் இன்று. நாடு முழுக்க விடுமுறை. சூப்பர் மார்க்கெட்டில் ஆரம்பித்து முடிவெட்டும் கடை வரை எல்லாம் பூட்டு. தங்கை மகன் நேற்று ராத்திரியே எச்சரித்திருந்தான். “மாமா, தயிர், ரொட்டி எல்லாம் இப்பவே வாங்கி வச்சுக்குவோம். நாளைக்கு ஸ்டேஷன் கடையை விட்டா கதி இல்ல.” வாங்கினோம். தயிர் டப்பா பைக்குள் உடைந்து அவனுடைய சார்ஜரை நனைத்ததுதான் மிச்சம். ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸெ ஸ்டேஷன் பேக்கரியில் இரண்டு காபி, வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் இரண்டு, 13 யூரோ சொச்சம். ஒரு யூரோ நூறு ரூபாய்க்கு மேல். கணக்குப் போடாதீங்க மாமா என்கிறான். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மோல் கணக்குப் போட்டுக் காட்டிய கை சும்மா இருக்குமா?

நான் அரசுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பெர்லினுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்க்கப் போவார்கள். எனக்கு வேறு ஒரு ஆசை இருந்தது. நான் படித்த காலத்தில் மாஸ்கோ மிர் பதிப்பகத்தின் கெமிஸ்ட்ரி புத்தகங்கள் என்சிபிஎச் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். அட்டை கெட்டி, தாள் மட்டம், விஷயம் சுத்தம். இப்படிப் புத்தகம் போடுகிற நாடுகளில் வகுப்பறை எப்படி இருந்திருக்கும் என்று அப்போதிருந்தே யோசனை. மாஸ்கோ இப்போதைக்கு நடக்காது. கிழக்கு ஜெர்மனி இருந்த இடமோ மருமகன் வேலை பார்க்கிற லைப்சிக்கைச் சுற்றித்தான் இருக்கிறது. சரி, அதையாவது பார்த்துவிடுவோம் என்று கிளம்பியாயிற்று.

முதலில் பன்சன் தெரு. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். ஸ்ப்ரே ஆற்றங்கரையில் போய் முட்டுகிற சின்னத் தெரு. ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் பழைய இயற்பிய வேதியியல் நிறுவனம் இங்கேதான் இருந்தது. வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் வேலை செய்த இடம். அவருடைய சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேனோ. விடுமுறை என்பதால் கதவெல்லாம் சாத்தியிருந்தது. தூறல் வேறு. தெருமுனை சிக்னலில் சிவப்பு விளக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கார்கூட இல்லை. ஆனாலும் எங்களுக்கு முன்னால் நின்ற ஐந்தாறு பேரும் நனைந்துகொண்டே பச்சைக்காகக் காத்திருந்தார்கள். நாங்களும் நனைந்தோம்.

1950க்குப் பிறகு இந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் ராபர்ட் ஹாவெமன். நான் பெர்லின் வந்ததே இவருக்காகத்தான். நாஜி எதிர்ப்புக் குழுவில் இருந்ததற்காக 1943இல் இவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். இவருடைய ஆராய்ச்சி போருக்கு வேண்டும் என்று சிலர் வாதாடி நிறைவேற்றத்தைத் தள்ளிப்போட வைத்தார்கள். பிராண்டன்பர்க் சிறைக்குள்ளேயே ஒரு ஆய்வகம் அமைத்துக் கொடுத்தார்கள். மனிதர் அதற்குள் ரகசியமாக ஒரு ரேடியோ செய்து, வெளிநாட்டுச் செய்தி கேட்டு, மற்ற கைதிகளுக்கும் சேர்த்துச் சொன்னார். பின்னாளில் கிழக்கு ஜெர்மனியை ஆண்ட ஹோனெக்கரும் அதே சிறையில் இருந்தவர். போர் முடிந்ததும் மேற்கு பெர்லினில் வேலை. அமெரிக்க ஹைட்ரஜன் குண்டை எதிர்த்து எழுதப்போக, 1950இல் அந்த வேலை போயிற்று. கிழக்கே வந்தார். பேராசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர், கட்சிக்காரர் எல்லாம் ஆனார். ஸ்டாசி உளவுத்துறைக்குத் தகவலும் கொடுத்திருக்கிறார். அதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்க எனக்கு இஷ்டமில்லை.

1963-64 குளிர்காலப் பருவத்தில் இயற்கை அறிவியலையும் தத்துவத்தையும் பற்றி ஒரு சொற்பொழிவு வரிசை நடத்தினார். கெமிஸ்ட்ரி மாணவர்கள் மட்டும் இல்லாமல் வெளியாட்களும் வந்து மண்டபம் நிறைந்தது. கட்சியின் தத்துவக்காரர்கள் அறிவியலுக்கு உதவியதைவிட இடைஞ்சல் செய்ததுதான் அதிகம் என்பது அவர் வாதம். மார்க்சியத்தை உதறிவிட்டுச் சொல்லவில்லை, மார்க்சியவாதியாகவே சொன்னார். எங்கள் பாடத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1951இல் மாஸ்கோவில் மாநாடு கூட்டி, அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் ரெசொனன்ஸ் கோட்பாட்டை (பென்சீன் மாதிரி மூலக்கூறுகளைப் பல வடிவங்களின் கலவையாகப் பார்ப்பது) கருத்துமுதல்வாதம் என்று கண்டித்தார்கள். பென்சீன் வளையம் எந்தக் கட்சியில் உறுப்பினராம்?

1964 மார்ச்சில் ஹாவெமனைக் கட்சியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் நீக்கினார்கள். 1976 முதல் 1979 வரை பெர்லினுக்கு வெளியே க்ரூன்ஹைடெயில் வீட்டுக்காவல். 1982இல் இறந்துபோனார். அவருக்கு மறுபடி மரியாதை கொடுக்க அந்தக் கட்சிக்கு 1989 நவம்பர் ஆகவேண்டியிருந்தது. அதாவது, கட்சிக்கே மூச்சு முட்டிக்கொண்டிருந்த மாதம்.

ராத்திரிச் சாப்பாடு ஒரு துருக்கிக்காரர் கடையில். காய்கறி டோனர் ஏழரை யூரோ. மிளகாய்த் தூள் கேட்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் சைகை காட்டக் காட்ட, கடைக்காரர் மிளகாய்த் தூள் டப்பாவையே என் கையில் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 4, சனி – லைப்சிக்

காற்றும் மழையும். மருமகனுடைய வீட்டுக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், காலையில் மணியடித்தார். நான் தாளித்த கடுகு வாசனைக்குச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தோம். கையில் ஒரு தட்டில் ஐயர்ஷெக்கெ என்கிற கேக். அடியில் ரொட்டி மாவு, நடுவில் பாலாடைக்கட்டி, மேலே முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த ஒரு படலம். முட்டை வாசனை எனக்குக் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் அந்த அம்மா உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார், மிச்சம் வைக்க முடியுமா?

அவரும் கெமிஸ்ட்ரி படித்தவர்! 1970களில் இதே ஊரில். பல்கலைக்கழகத்துக்கு அப்போது கார்ல் மார்க்ஸ் பெயர், 1953இலிருந்து 1991 வரை. மருமகன் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கக் கேட்டேன். எந்தப் பாடம் எடுத்தாலும் கூடவே மார்க்சிய லெனினியம் கட்டாயம். எல்லாரும் எம்.எல். என்றுதான் சொல்வார்களாம். முதலில் தத்துவம், அப்புறம் அரசியல் பொருளாதாரம், கடைசியாக விஞ்ஞான கம்யூனிசம். ரஷ்ய மொழியும் கட்டாயம், விளையாட்டும் கட்டாயம். செமஸ்டர் ஆரம்பத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பையன்களுக்கு ராணுவ முகாம், பெண்களுக்கு சிவில் பாதுகாப்புப் பயிற்சி. “எம்.எல்.லில் எனக்கு ஒன்று, இயற்பிய வேதியியலில் மூன்று” என்று விரலைக் காட்டிச் சிரித்தார். அங்கே ஒன்றுதான் முதல் தரம். எந்த மதிப்பெண் பின்னால் உதவியது என்று கேட்டேன். “வேலை கிடைக்க ஒன்று. வேலை செய்ய மூன்று.”

பின்னாளில் ஜெர்மனியின் சான்சலரான அங்கேலா மெர்க்கலும் இந்தப் பல்கலைக்கழகம்தான். 1973 முதல் 1978 வரை இயற்பியல் படித்தார். பிறகு பெர்லின் அட்லர்ஸ்ஹோஃபில் இயற்பிய வேதியியல் மைய நிறுவனத்தில் சேர்ந்து, 1986இல் குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம். அதற்கும் எம்.எல். கட்டுரை எழுதியாகவேண்டும். அவர் அதில் வாங்கியது வெறும் பாஸ் மார்க். முனைவர் பட்டத்துக்கு முன்பு இல்மெனாவில் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது ஸ்டாசி தகவல் சொல்லக் கூப்பிட்டது. என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று சொல்லித் தப்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் மழை விட்டதும் யானலேயில் உள்ள விளையாட்டு வளாகத்துக்குப் போனோம். முற்றத்தில் ஒரு வெண்கலச் சிற்பம், 33 டன். மார்க்ஸின் பெரிய தலை, கீழே முண்டியடிக்கிற மனிதர்கள். ஹோனெக்கருக்கு முன்னால் கிழக்கு ஜெர்மனியை ஆண்ட உல்பிரிஷ்ட் காலத்தில், 1968 மே 30 அன்று, பல்கலைக்கழகத்தின் பழைய தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் கட்டிய பிரதானக் கட்டடத்தின் வாசலுக்கு மேல் இது இருந்தது. ஆட்சி போன பிறகும் ரொம்ப நாள் அங்கேயே இருந்துவிட்டு, 2008இல் இங்கே வந்து சேர்ந்தது. பக்கத்தில் விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். உருக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. ட்ராக் சூட் போட்ட மாணவி ஒருத்தி மார்க்ஸுக்கு முன்னால் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு – ஹாலே

ரயிலில் அரை மணி. மாசம் 58 யூரோவுக்கு (2025 விலை) ஒரு டிக்கெட் இருந்தது. நாட்டின் எல்லா ஊர் பஸ், டிராம், சாதா ரயில்களிலும் செல்லும். இந்த நாட்டில் எனக்கு மலிவாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

ஹாலே நோய்ஷ்டாட், கெமிக்கல் தொழிலாளர்களுக்காகவே எழுப்பிய நகரம். 1964இல் அடிக்கல். லோய்னா, புனா ஆலைகளுக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். அப்போது தெருவுக்குப் பெயர் கிடையாது, கட்டடங்களுக்கு எண் மட்டும். பத்தாம் எண் பிளாக் 380 மீட்டர் நீளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தோம், அதற்குள் மறுபடி மழை. ஒரு கட்டடத்துக்கு வண்ணம் அடித்துப் புதுசாக்கியிருக்கிறார்கள், பக்கத்துக் கட்டடத்தில் பாதி ஜன்னல் காலி.

ஞாயிற்றுக்கிழமை, பசிக்கு ஒரு வியட்நாம் கடைதான் திறந்திருந்தது. காய்கறி ஃபோ சூப் 11 யூரோ, தட்டு நிறைய கொத்தமல்லி. ஊரை விட்டு வந்த பிறகு இத்தனை கொத்தமல்லி இன்றுதான் பார்க்கிறேன். கல்லாவில் இருந்த பையன் அவன் அப்பா கதையைச் சொன்னான். வேலைக்கு வந்தவர். 1989இல் கிழக்கு ஜெர்மனியில் வியட்நாம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேர். படிக்க வந்தவர்கள் தனி ரகம். வியட்நாம், கியூபா, சிரியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் முதலில் லைப்சிக் ஹெர்டர் நிறுவனத்தில் ஜெர்மன் கற்றுக்கொண்டு, பிறகு கெமிஸ்ட்ரி, என்ஜினியரிங் என்று பிரிந்து போவார்கள். “அப்பா படிச்சவங்களை ஹாஸ்டல்ல பாத்திருக்காராம், பேசினது இல்லையாம்” என்று அவன் சொன்னதை மொழிபெயர்த்தான் மருமகன்.

அக்டோபர் 6, திங்கள் – ஹாலே

மியூசியங்களுக்கு வார விடுமுறை. விடுதியில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ராத்திரி முழுக்க வேலை செய்யவில்லை. வரவேற்பில் இருந்தவர் இரண்டாவது போர்வையைச் சிரித்த முகத்தோடு கொடுத்தார், ரேடியேட்டரைப் பற்றி வாய் திறக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. ஹாலோரன் கடையில் உருண்டைச் சாக்லேட் ஒரு பெட்டி வாங்கினேன். 1804இலிருந்து இருக்கிற ஆலை. உள்ளே பாதி கிரீம், பாதி கோகோ. அதைத் தின்றுகொண்டு படுத்தே இருந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய் – மெர்ஸபூர்க்

ஹாலேயிலிருந்து 5ஆம் நம்பர் டிராம் ஊரை விட்டு வெளியேறி, வயல் வழியாக, ஷ்கோபாவ், மெர்ஸபூர்க், லோய்னா என்று கெமிக்கல் ஊர்களைத் தொட்டுக்கொண்டே பாட் டூரன்பெர்க் வரை போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிழக்கு ஜெர்மனியின் தொழில் வரலாறு அப்படியே ஓடும் என்று ஆவலோடு ஏறினேன். பாதி வழியில் தண்டவாள வேலை. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள், மாற்றுப் பஸ் வருமாம். எங்கே வரும் என்று போட்டிருந்த நோட்டீசை மருமகன் இரண்டு தடவை படித்தும் புரியவில்லை.

அப்போது பக்கத்தில் நின்றவர், அறுபத்தி நாலு வயது, தோளில் துணிப்பை, தானாகவே வந்து வழி சொன்னார். இந்த ஊரில் தெரியாதவர்கள் தானாகப் பேசுவது அபூர்வம். எங்கே போகிறோம் என்று கேட்டார். கெமிஸ்ட்ரி மியூசியம் என்றதும் முகம் மாறிவிட்டது. “நான் அங்கே படித்தவன்.” பஸ் இருபது நிமிஷம் வரவில்லை. பையிலிருந்து பிளாஸ்க் எடுத்து மூடியில் காபி ஊற்றி எனக்குக் கொடுத்தார், ஒரு ஆப்பிளைக் கத்தியால் மூன்றாக அறுத்தார். “இன்று என்ன நாள் தெரியுமா? கிழக்கு ஜெர்மனி பிறந்த நாள், 1949 அக்டோபர் 7. நான் மாணவனாக இருந்தால் இந்நேரம் கொடி பிடித்து ஊர்வலம் போயிருப்பேன். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறேன்.”

மாற்றுப் பஸ் ஷ்கோபாவ் வழியாகப் போனது. புனா ஆலை. உலகின் முதல் பெரிய செயற்கை ரப்பர் ஆலைகளில் ஒன்று, 1936இல் ஆரம்பித்தது. சுண்ணாம்பும் கல்கரியும் மின் உலையில் 2000 டிகிரியில் வெந்தால் கால்சியம் கார்பைடு. அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன். பாதரச வினையூக்கியில் அதை அசிட்டால்டிஹைடாக்கி, அங்கிருந்து பியூட்டாடையீன், அங்கிருந்து ரப்பர். வகுப்பில் நான் பலகையில் அம்புக்குறி போட்டு மூன்று நிமிஷத்தில் முடிக்கிற பாடம். வெளிநாடுகள் இதையெல்லாம் விட்டு எண்ணெய்க்கு மாறின. கிழக்கு ஜெர்மனிக்கும் 1963இல் சோவியத் குழாய் வந்தது. 1980களின் ஆரம்பத்தில் சோவியத் யூனியன் வருஷத்துக்கு 19 மில்லியன் டன்னிலிருந்து 17 ஆகக் குறைத்ததும், பழையபடி பழுப்பு நிலக்கரி, பழையபடி கார்பைடு. மூன்று தலைமுறை மாணவர்கள் வழக்கொழிந்த கெமிஸ்ட்ரியை மிகத் திறமையாகக் கற்றார்கள் என்று சொல்லலாம். இப்போது ஆலை அமெரிக்க டௌ நிறுவனத்திடம். ஷ்கோபாவில் குளோரின் பிரிவை 2027 கடைசியில் மூடப்போவதாக இந்த ஜூலையில்தான் அறிவித்தார்கள். பெரியவர் ஜன்னலைத் தட்டிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

மியூசியம் இருப்பது பெரியவர் படித்த காலேஜின் வளாகத்தில்தான். அந்தக் காலேஜ் 1954இல் ஆரம்பித்தது. லோய்னா-மெர்ஸபூர்க் கெமிஸ்ட்ரி தொழில்நுட்பக் கல்லூரி. கெமிஸ்ட்ரிக்கு என்றே ஒரு முழு உயர்கல்வி நிறுவனம், சுற்றிலும் ஆலைகள். 1958இல் லோய்னாவில் நடந்த மாநாட்டில் “கெமிஸ்ட்ரி தரும் உணவு, வளம், அழகு” என்று முழக்கம் வைத்தார்கள். அதற்கு ஆள் தயாரிக்க வேண்டுமே! 1964இல் கார்ல் ஷோர்லெம்மர் பெயர் வைத்தார்கள். மான்செஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பேராசிரியர், பாரஃபின்களில் வேலை செய்தவர், மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நெருங்கிய நண்பர். கம்யூனிஸ்ட் அரசு ஒரு கெமிஸ்ட்ரி காலேஜுக்குப் பெயர் தேடினால் இவரை விட்டால் வேறு யார் கிடைப்பார்?

பெரியவர் ராணுவத்தில் பதினெட்டு மாசம் முடித்துவிட்டு 1982இல் சேர்ந்தவர். உதவித்தொகை மாசம் 200 மார்க் (அந்நாளைய நாணயம்), எல்லாருக்கும். நன்றாகப் படித்தால் அதற்கு மேல் கொஞ்சம். ஹாஸ்டல் வாடகை 10 மார்க், ஒரே அறையில் நாலு பேர். மதியச் சாப்பாடு ஒரு மார்க்குக்குள். இதைச் சொல்லும்போது மருமகன் கொஞ்சம் பொறாமையோடு மொழிபெயர்த்தான். அவன் கல்விக் கடன் இன்னும் முடியவில்லை. வகுப்பை இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட செமினார் குழுக்களாகப் பிரித்துவிடுவார்கள். ஐந்து வருஷமும் அதே முகங்கள். ஒருவன் கணக்கில் தடுமாறினால் மற்றவன் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், அது குழுவின் பொறுப்பு. அதே குழுவில் யாரோ ஒருவன் எல்லார் பேச்சையும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்பது 1990க்குப் பிறகு தெரிந்ததாம். “நல்ல பையன். ஸ்பெக்ட்ரோஸ்கோபி எனக்குச் சொல்லித்தந்தது அவன்தான்” என்றார்.

வளாகத்தில் இப்போது வேறு ஒரு உயர்கல்வி நிறுவனம் இயங்குகிறது. பழைய காலேஜ் 1993இல் மூடப்பட்டது, மிச்சம் இருந்த கெமிஸ்ட்ரி ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. வளாகத்தின் ஒரு ஓரத்தில்தான் கெமிஸ்ட்ரி மியூசியம். பாதிக்கு மேல் வெட்டவெளி. புல்தரையில் கம்ப்ரசர்கள், வால்வுகள், அம்மோனியா தயாரிப்பில் ஓடிய உயர் அழுத்தக் கருவிகள். ஒரு உருளையின் சுவரை அறுத்து உள்ளே காட்டியிருக்கிறார்கள். என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சாண் கனம் வரும். ஹேபர்-பாஷ் முறை, 200 வளிமண்டல அழுத்தம் என்று வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். 200 என்றால் என்ன என்று இந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தபோதுதான் உடம்புக்குத் தெரிந்தது. இங்கே படித்த பிள்ளைகளுக்கு இது முதல் வருஷத்திலேயே தெரிந்திருக்கும். ஆலையில் மாசக்கணக்கில் பயிற்சி, ஷிப்டில் நிற்கவேண்டும். அந்த விஷயத்தில் அவர்கள் பாடத்திட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவதா பல்பால் உறிஞ்சுவதா என்று முடிவு பண்ணுவதற்குள் பரீட்சை வந்துவிடுகிற ஆய்வகங்களை நான் பார்த்தவன்.

மதியம் காண்டீனில் சொல்யான்கா சூப், ரொட்டியோடு ஐந்தரை யூரோ. ரஷ்யாவிலிருந்து வந்த புளிப்புச் சூப். உள்ளே தொத்திறைச்சி என்று தெரிந்து நான் தள்ளி வைக்க, மருமகன் இரண்டையும் முடித்தான். எனக்கு உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும். அங்கே வைத்துத்தான் பெரியவர் முக்கியமான விஷயத்தைச் சொன்னார்.

படிப்பு முடிந்தால் வேலை நிச்சயம். அரசே இடம் சொல்லும், மூன்று வருஷம் அங்கே இருந்தாகவேண்டும். 1987இல் அவருக்கு ஒரு ஆலையின் தண்ணீர் ஆய்வகம். சாலெ ஆற்றில் ஆலைக் கழிவு கலக்கிற இடத்துக்கு மேலேயும் கீழேயும் மாதிரி எடுத்து, பாதரசம், பீனால், கரைந்த ஆக்சிஜன் எல்லாம் அளக்கவேண்டும். “மிக நன்றாக அளந்தோம். மூன்று தடவை டைட்ரேஷன். ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் நாலாவது. அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.” அளந்த எண்ணை எழுதுகிற நோட்டில் பக்கங்களுக்கு எண் போட்டு, மேலே ரகசியம் என்று முத்திரை. மாலையில் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். சுற்றுச்சூழல் தரவுகள் எல்லாம் அரசு ரகசியம் என்று 1982 நவம்பரில் அமைச்சரவை உத்தரவு போட்டிருந்தது. அவர் முதல் செமஸ்டரில் பகுப்பாய்வு வேதியியல் படித்துக்கொண்டிருந்த அதே மாசம்.

வீட்டில் மனைவி கேட்டால்? “ஆற்றில் நுரை மிதக்கிறது, அவளுக்குக் கண் இல்லையா? எண்ணைத்தான் சொல்ல முடியாது.”

ஹாவெமன் விஷயத்தில் எனக்குப் புரியாமல் இருந்தது இந்த இடத்தில் புரிந்தது. அந்த அரசுக்குக் கெமிஸ்ட்ரி மேல் வெறுப்பு இல்லை. கொட்டிக் கொடுத்தார்கள், காலேஜ் கட்டினார்கள், ஆலைத் தொழிலாளி பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கவைத்தார்கள். துல்லியமாக அளக்கிற பட்டாளத்தையே உருவாக்கினார்கள். அளந்ததை வெளியே சொல்வது மட்டும் கட்சியின் உரிமை. பரீட்சைத் தாளில் தப்பான எண்ணை எழுதினால் பெயில், சரியான எண்ணைத் தெருவில் சொன்னால் ஜெயில். எம்.எல். வகுப்பு என்னவோ உளறல் என்று பெரியவர்கூடச் சொல்லவில்லை. தூக்கம் வரும், அவ்வளவுதான் என்றார். அலமாரிப் பூட்டுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

1990க்குப் பிறகு ஆய்வகம் போயிற்று, வேலையும் போயிற்று. பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் விற்றாராம். “இப்போது ஆற்றின் தரத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை.”

சாயந்திரம் மெர்ஸபூர்க் கோட்டைக்கும் கூட்டிப்போனார். முற்றத்தில் கூண்டுக்குள் நிஜமான அண்டங்காக்கை. மோதிரம் திருடியதாக வேலைக்காரனைப் பிஷப் கொன்றுவிட்டார், பிறகு பார்த்தால் திருடியது காக்கை என்று கதை. காக்கை எங்களைச் சட்டை பண்ணவில்லை. விடைபெறும்போது பெரியவர் கைகொடுத்து, தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். ஒரு சதவீதக் கரைசல், அதற்கு மேல் வேண்டாம் என்று அளவும் சொன்னார்.

அக்டோபர் 8, புதன் – வோல்ஃபென்

தொண்டை பரவாயில்லை. வெயில்கூட அடித்தது.

வோல்ஃபென் ஃபிலிம் மியூசியத்துக்குப் போகவேண்டும் என்பது என் பிடிவாதம். 1936இல் அக்ஃபா கலர் பிறந்த ஆலை. 1964இலிருந்து ஓர்வோ. எழுபதுகளில் தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்கு டைட்டிலில் ஓர்வோ கலர் என்று வருவது ஞாபகம் இருக்கும். ரூபாயிலேயே வியாபாரம் செய்யலாம் என்பதால் அந்நியச் செலாவணி இல்லாத நம் நாட்டுக்கு அது வசதி. அந்தச் சிவப்பு ஏன் அப்படி இருக்கும் என்று டென்ட் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்த எனக்கு, அந்த ஃபிலிமுக்கு வெள்ளி ஹேலைடு பூசிய இயந்திரத்தின் முன்னால் நிற்பது ஒரு மாதிரி இருந்தது.

வழிகாட்டிய அம்மா இதே ஆலையில் வேலை பார்த்தவர். விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னார். இந்த இருட்டில்தான் எட்டு மணி நேர ஷிப்ட். பெரும்பாலும் பெண்கள். எதிரில் ஆள் வருவது தெரிய வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டே நடப்பார்களாம். பாட்டும் பாடுவார்களாம். பயிற்சிக்கு வந்த காலேஜ் பையன்கள் முதல் நாள் சுவரில் முட்டிக்கொள்வதைக் காதால் கேட்டே ரசிப்போம் என்றார்.

ஆலைக் கழிவு போய்ச் சேர்ந்த இடம் பக்கத்தில் ஒரு பழைய நிலக்கரிப் பள்ளம். ஊர்க்காரர்கள் வெள்ளி ஏரி என்பார்கள். பெயர்தான் அழகு, உள்ளே இருந்தது சேறு. 1988இல் சில இளைஞர்கள் பிட்டர்ஃபெல்ட் பகுதியை ரகசியமாக வீடியோ எடுத்து மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சிக்கு அனுப்பினார்கள். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் பூட்டி வைத்த எண்ணை, கேமரா பிடித்தவர்கள் படமாகக் காட்டிவிட்டார்கள். இப்போது சுத்தம் செய்துவருகிறார்கள். அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டேன். “வேண்டாம் மாமா, இப்பதான் தொண்டை சரியாச்சு.”

திரும்புகிற ரயில் 40 நிமிஷம் தாமதம். பிளாட்பாரத்தில் காத்திருந்த ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. காலி பாட்டில் பொறுக்குகிற தாத்தா வந்தார். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட். எங்கள் இரண்டையும் கொடுத்தோம், தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார்.

அக்டோபர் 9, வியாழன் – லைப்சிக்

1989இல் இதே நாளில் அரசை எதிர்த்து சுமார் 70,000 பேர் இந்த ஊரின் வட்டச்சாலையில் நடந்தார்கள், ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. அதன் நினைவாக வருஷா வருஷம் விளக்குத் திருவிழா. அதனால் சாயந்திரம் நகர மையத்தில் டிராம் திருப்பிவிடப்பட்டு, நடையோ நடை.

நடந்தபடியே ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தோம். ‘ஆர்கானிகும்’ என்கிற புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதி 1962இல் முதல் பதிப்பு வந்த ஆர்கானிக் ஆய்வகக் கையேடு. சுவர் இருந்த காலத்திலேயே மேற்கு ஜெர்மன் மாணவர்களும் இதை வைத்துத்தான் சமைத்தார்கள். கிழக்கே இருந்து மேற்கே தடையில்லாமல் போன சரக்குகளில் ஒன்று. கடைக்காரர் ஏணி போட்டு எடுத்தார். ஒன்பது யூரோ. பேரம் பேசினேன். சிரித்தாரே தவிர ஒரு சென்ட் குறைக்கவில்லை. அதற்குப் பதில் கீழே குவியலிலிருந்து ஒரு எம்.எல். பாடப்புத்தகத்தை எடுத்து, இதைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது ஒரு எழுத்தும் கோடிடாமல் புத்தம் புதிதாக இருந்தது.

‘ஆர்கானிகும்’ புத்தகம் அப்படி இல்லை. ஒரு பக்கத்தில் அமிலம் பட்டு ஓட்டை, பல பக்கங்களில் பழுப்புக் கறை. யாரோ ஒரு மாணவன் தான் செய்த ஒவ்வொரு தயாரிப்பின் ஓரத்திலும் ஈல்டை, அதாவது கிடைத்த பொருளின் சதவீதத்தை, பென்சிலால் குறித்து வைத்திருக்கிறான். 62. 55. 70. ஓரிடத்தில் 41 என்று எழுதி, அடித்துவிட்டு, 68. அதற்குப் பக்கத்தில் வேறு கையெழுத்தில் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி.

“யாரு மாமா போட்டது?” என்றான் மருமகன்.

“என்னை மாதிரி ஒரு வாத்தியார்தான்.”